கும்மட்ட சீட்

எழுதிக்கங்கம்மா. மொத வேலையா இந்தக் கும்மட்டத்த மூடணும். ஃபால்ஸ் சீலிங் போடுங்க, தகரம் அடிங்க, ஒண்ணுமில்லேன்னா தார்ப்பாயாவது கட்டுங்க. கட்டடத்தப் புதுப்பிக்கப் போறோம், இங்க வேல பாக்குறவுகளுக்கு என்ன குறைன்னு கேட்டுட்டு வரச் சொன்னாகன்னு சொன்னீங்கள்ல? என் குறை இதான். தலைக்கு மேல நிக்குது பாருங்க.

அங்கிட்டு உக்காராதீங்க. இங்கிட்டு, வலது பக்கமா நாற்காலியப் போடுங்க. எனக்கு இடது காது மந்தம். ஆறு வயசுல சீழ் வச்சுப் போனது. அந்தப் பக்கம் நின்னு நீங்க என்ன கத்துனாலும் எனக்கு ஏறாது.

நான் கூடலிங்கம். இந்த ஆவணப் பிரிவுக்கு சூப்பிரண்டு. இன்னும் ரெண்டு வருசம் நாலு மாசம் சர்வீஸ் இருக்கு. நேரா விசயத்துக்கு வந்துர்றேன், எனக்கே இன்னிக்கு நேரமில்ல. இந்தா இந்தத் தாள் இருக்கே, இதுல கையெழுத்துப் போட்டு சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஆபீசர் ரூமுல கொடுக்கணும். நான் ஒருத்தர் மேல கொடுத்த புகார் இது. ‘மேற்படி புகாரில் உறுதியாக உள்ளேன்’னு அடிச்சிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அந்த ஆளு நாளைக்கே கமுதிக்கு மாறுதல். போடலேன்னா புகார் தள்ளுபடி, அந்த ஆளு இங்கனயே இருக்கும்.

யாரா? மெதுவாத் திரும்பிப் பாருங்க. சட்டுனு பாக்காதீங்க. இந்த ஹாலுக்கு நேர் எதிர் மூலை. மூணு இரும்பு பீரோ, ஒரு தண்ணி கேன், பக்கத்துல சாம்பல் கலர் சேலை. எமல்டா மேடம். பாத்தீங்களா? நீங்க திரும்புன ஒடனே தலையக் குனிஞ்சிருச்சு. அதான் எமல்டா.

இங்கேர்ந்து எம்புட்டு தூரம் இருக்கும்? டேப்பு வச்சு அளந்தீங்கள்ல. எழுபத்திரண்டடியா? அம்புட்டு தூரத்துல உக்காந்துக்கிட்டு என்னைய ஒரு வழி பண்ணிருச்சும்மா. சொல்றேன். சத்தமில்லாமப் பேசுவோம். நான் எப்பவுமே மெதுவாத்தான் பேசுவேன், அது என் பழக்கம்.

மொதல்ல கட்டடத்தச் சொல்லிர்றேன், எல்லாச் சனியனும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது. நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னால எவனோ ஒரு வெள்ளைக்காரத் தொரை கட்டுனது. வாசல்ல கல்லு இருக்கு, பேரு தேஞ்சு போச்சு. இருந்தா தெனமும் பேரச் சொல்லி வையலாம், அதுக்கும் வழியில்ல. அந்த மனுசனுக்கு என்ன கட்டுறோம்னு ஒரு முடிவு வேணுமா இல்லையா? மேல பாத்தா பள்ளிவாசல் கும்மட்டம். சன்னலப் பாத்தா மாதா கோயில். தூணப் பாத்தா நம்ம கோயில் தூணு, யாளி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. வெளிய நின்னு பாக்குறவன் அரண்மனைங்கிறான். உள்ள வந்தா பட்டா நகலுக்கு வரிசைல நிக்கிறான். நீங்க படிச்சவுக, இந்தோ சாரசனிக்குனு ஏதோ பேரு சொல்றீங்க. எங்கெங்கேர்ந்தோ வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக. எடுக்கட்டும். எட்டு மணி நேரம் உள்ள உக்காந்து வேல பாத்துட்டு அப்புறம் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, தெரியும்.

இந்த யாளில நான் நாலு தடவ மண்டைய இடிச்சிருக்கேன். ரெண்டு தடவ தையல். ஃபேனப் பாருங்க, கூரை எட்டாத ஒசரத்துல இருக்குன்னு இருபதடிக் கம்பில தொங்க விட்டிருக்காக. சுத்துறதவிட ஆடுறதுதான் ஜாஸ்தி. அந்தக் கலர்க் கண்ணாடி இருக்கே, மூணு மணிக்கு மேக்க வெயில் எறங்குனா செவப்பு வெளிச்சம் வந்து என் மேசைல விழும். பெரிய ஆபீசருக பச்சை மையில கையெழுத்துப் போடுவாகள்ல? அந்த வெளிச்சத்துல பச்சை கருப்பாத் தெரியும்மா. ஒரு தாசில்தார் கையெழுத்த கிளார்க்கு கையெழுத்துன்னு நெனச்சுத் திருப்பி அனுப்பி மெமோ வாங்குனேன். ‘கண்ணாடியின் நிறம் காரணமாக’ன்னு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் நிமிந்து என் மூக்குக் கண்ணாடியப் பாத்தாரு. அவருக்கு என்னத்தச் சொல்லிப் புரிய வைக்க?

சரி, சீட்டுக்கு வர்றேன். இதுக்கு ஆபீஸ்ல கும்மட்ட சீட்டுன்னு பேரு. பதினோரு வருசத்துக்கு முன்னால நான் இங்க வந்தப்ப, ரிட்டயர் ஆகிப் போன தங்கப்பாண்டியண்ணன் பீரோ சாவிய என் கைல கொடுத்தாரு. கொடுத்துட்டு அங்கிட்டு இங்கிட்டுப் பாத்தாரு. என் காதுகிட்ட வந்து, நல்ல காதுதான், மெதுவாச் சொன்னாரு: “கூடலிங்கம், சீட்டு நல்ல சீட்டு. இந்த மூலை மட்டும் சரியில்ல. பாத்துப் பேசிக்க.” அம்புட்டுத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. மறு வருசமே காலமாயிட்டாரு, நல்ல மனுசன்.

எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. இது வடகிழக்கு மூலை, ஈசானியம். மூலை சரியில்லேன்னா வாஸ்து சரியில்ல. யாராவது தெரிஞ்ச ஆளப் பாத்து, பேசிச் சரி பண்ணிக்கங்கிறாரு. வெள்ளைக்காரனுக்கு ஈசானியம் தெரியுமா, கன்னி மூலை தெரியுமா? அவன் பாட்டுக்குக் கட்டிட்டுக் கப்பலேறிட்டான். நான் மறு ஞாயித்துக்கெழமையே திருநகர்ல ஒரு வாஸ்துக்காரரப் பாத்துப் பேசுனேன். லேசுப்பட்ட ஆளில்ல, பல மில்லுக்குப் பாத்துக் கொடுத்தவரு. திசைகாட்டியோட வந்தாரு, ஹால மூணு சுத்து சுத்துனாரு. மேசை அப்பெல்லாம் அந்தா, ஆறடி தள்ளித்தான் கெடந்துச்சு. “மூலையோட மூலையா ஒட்டிப் போடுங்க, கெழக்கப் பாத்து உக்காருங்க. வாயிலேர்ந்து வர்ற வார்த்தை நேரா ஈசானியத்துல போயிப் படணும். அப்பத்தான் சொல்லு பலிக்கும்”னாரு. கெழக்கப் பாத்தா சுவத்தப் பாத்துத்தான் உக்காரணும். உக்காந்தேன். பதினோரு வருசமா சுவத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். போன்ல பேசுனாலும் சரி, ஆளு வந்து பேசுனாலும் சரி, மூஞ்சி மூலையப் பாத்துத்தான்.

சொல்லு பலிச்சுச்சும்மா. பலிச்ச விதத்தக் கேளுங்க.

மேசைய மாத்துன மறு வாரம். அப்ப இருந்த ஆபீசர் மீசைக்கு மை பூசுவாரு. நம்ம இருளப்பன்கிட்ட, அவன்தான் எங்க ஆபீஸ் உதவியாளரு, என் வயசுதான், அவன்கிட்ட ரகசியமா, “மையா அது? ஷூ பாலிஷ் மாதிரியில்ல இருக்கு”ன்னு சொன்னேன். மூணே நாள். ஆபீசர் என்னையக் கூப்புட்டு, என் காலப் பாத்து, “கூடலிங்கம், ஷூவுக்கு நீங்க என்ன பிராண்டு போடுறீங்க?”ங்கிறாரு.

அடுத்து, சிவகாசில ஒரு கல்யாணம். காய்ச்சல்னு லீவு எழுதிக் கொடுத்துட்டு, மச்சினன்கிட்ட மட்டும் இதே எடத்துல உக்காந்து போன்ல சொன்னேன், ஆறரை பஸ்ஸுல வர்றேன்னு. லீவு லெட்டர்லயே ஆபீசர் பச்சை மையில எழுதிட்டாரு, ‘சிவகாசியில் காய்ச்சல் அதிகமாம், கவனம்’னு. அடுத்து, நம்ம டிபார்ட்மென்டுக்குப் புதுசாக் கட்டுன பில்டிங். ஏசி, லிப்டு, நேரான சுவரு, புறா கெடையாது. அங்கிட்டு ஒரு எடம் காலியாகப் போகுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மனு எழுதுறதுக்கு முன்னால என் மாமாகிட்ட போன்ல வாசிச்சுக் காட்டுனேன். மறுநாள் நான் மனுவக் கொண்டுபோறேன், எனக்கு முன்னால, இங்கன கிளார்க்கா இருந்த செல்வின் கொடுத்துட்டான். வார்த்தைக்கு வார்த்தை என் மனு. ‘முழங்கால் வலியும் மூதாதையர் சொத்துத் தகராறும்’னு ஒரு வரி எழுதியிருந்தேன், அதையும் விடல. முப்பத்தி நாலு வயசுப் பையனுக்கு முழங்கால் வலியாம். கொடுத்துட்டாக. இப்ப அவன் ஏசில உக்காந்திருக்கான்.

என்ன, மேலயே பாக்குறீங்க? விரிசல் இருக்கா? இருக்கும், இருக்கும். இருங்க, முடிச்சுக்கிறேன்.

யாரு போட்டுக் கொடுக்குறதுன்னு கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் சோதனை வச்சேன். எல்லாரும் சாப்புடப் போயிட்டாக. ஹாலுல நான், இருளப்பன், எதிர் மூலைல அந்தம்மா. அந்தம்மா டிபன் பாக்ஸத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் இருளப்பன்கிட்ட, “வர்ற தையில புல்லட்டு வாங்கப் போறேன்டா”ன்னு சும்மா ஒரு புளுகு விட்டேன். சாப்புட்டுட்டு வந்த நாலு பேரு தண்ணி குடிக்கப் போனாக, அப்ப மறுபடியும் ஒருக்கா சொன்னேன். சாயங்காலம் பாலகுரு வந்து, “அண்ணே, புல்லட்டு என்ன கலருண்ணே?”ங்கிறான். பாலகுரு யாருன்னா, அந்தா மூணாவது மேசை கிளார்க்கு, நீலச் சட்டை. இருளப்பன் புள்ளைக மேல சத்தியம் பண்ணான், அவன் சொல்லலன்னு. அவன் சொல்ல மாட்டான், தங்கமான மனுசன். அப்ப மிச்சம் யாரு?

அந்தம்மா உதட்டப் படிக்குதும்மா. அப்படி ஒரு வித்தை இருக்காம், பேப்பர்ல போட்டிருந்தான். நான் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கேன், முதுகுதான் தெரியும். அப்பவும் படிக்குதுன்னா எம்புட்டுக் கைகாரியா இருக்கணும்? புகார்ல எழுதியிருக்கேன், ‘பின்பக்கத்திலிருந்தே உதட்டசைவை அறியும் திறன் கொண்டவர்’னு. ஏன் சிரிக்கிறீங்க? இருமலா? தண்ணி வேணுமா? இருங்க, இருளப்பன் இன்னிக்கு லீவு. இல்லேன்னா கொண்டாந்திருப்பான்.

இன்னொண்ணு கேளுங்க. அந்தம்மா தன் சீட்டுல உக்காந்து வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. பதினோரு வருசத்துல ஒரு நாள் கூட. போன் வந்தா எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிரும். யாராவது வந்து ஏதாவது கேட்டா, அவுகளையும் கூட்டிக்கிட்டு வராண்டாவுக்குப் போயிரும். மழை பேஞ்சாலும் வராண்டாதான். அப்படி என்ன ரகசியம்னு கேக்குறேன்? மடில கனம் இல்லாதவுக இருந்த எடத்துலயே பேச வேண்டியதுதான? என்னையப் பாருங்க, எந்த விசயமா இருந்தாலும் இங்கன உக்காந்துதான் பேசுறேன்.

தண்ணி கேன் விசயம் இருக்கு, அத விட்டுட்டேன். இந்த ஆபீஸ்ல தண்ணி குடிக்கிற மாதிரி எந்த ஆபீஸ்லயும் குடிக்க மாட்டாகம்மா. அதுலயும் பதினோரு மணிக்கு நான் வீட்டுக்குப் போன் பண்ற நேரம் பாத்து, அம்புட்டுப் பேருக்கும் தாகம் எடுத்துரும். ஆறேழு பேரு டம்ளரும் கையுமா நிப்பாக. அந்த மூலைல தண்ணி கேன் இருக்குறது அந்தம்மாவுக்கு ஆகல. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள், அதுவா கேனத் தூக்கிக்கிட்டுப் போயி அந்தக் கடைசில, மாடிப்படிக்குக் கீழ வச்சிருச்சு. ஊழியர் தண்ணி குடிக்கிறது கூட ஒருத்தருக்குப் பொறுக்கலேன்னா என்ன மனசு அது? நான் விடல. மனு எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, கேன பழைய எடத்துக்கே கொண்டுவர வச்சேன். கையெழுத்துக் கேட்டப்ப ஒருத்தன் மறுக்கல. பாலகுரு ஓடி வந்து போட்டான். பதினோரு வருசத்துல இந்த ஆபீஸே என் பக்கம் நின்னது அந்த ஒரு தடவதான்.

ஒருக்கா நேராவே வந்துச்சு. வந்து, தலையக் குனிஞ்சுக்கிட்டு, “சார், உங்க மேசைய நடு ஹாலுக்கு மாத்திக்கங்க. உங்களுக்கு நல்லது”ன்னுச்சு. “உங்களுக்கு நல்லது”! இதுக்கு என்ன அர்த்தம்? மெரட்டல்தான? “என் சீட்டு மேல கண்ணு வச்சிருக்கீங்களா மேடம்?”னு எல்லாரும் கேக்குற மாதிரிச் சத்தம் போட்டுட்டேன். ஏதோ சொல்ல வந்துச்சு. நான் கேட்டாத்தான? அது புகார்ல மூணாவது அம்சம்.

பாவம் இல்லையான்னு கேக்குறீங்க. இருக்குறத மறைக்காமச் சொல்லிர்றேன், அந்தம்மா வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸு. இங்க பெரியாஸ்பத்திரில. கமுதிலேர்ந்து வந்து போறதுன்னா செரமம்தான். நேத்து ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு. நான் ஒண்ணும் கல்லு இல்லம்மா. ஆனா பதினோரு வருசம் ஒரு மனுசன் ஒரு வார்த்தை நிம்மதியாப் பேச முடியலேன்னா, அதுக்கு யாராவது பதில் சொல்லணுமா இல்லையா?

இந்த ஆபீஸ்ல எனக்கு நல்லதுன்னு நடந்தது எல்லாம் சாமி செஞ்சதும் இருளப்பன் செஞ்சதும்தான். ப்ரஷர் மாத்திரைய நான் மறந்துருவேன். பன்னெண்டு மணியானா டம்ளர்ல தண்ணியோட வந்து நிப்பான், “ஐயா, மாத்திரை”ன்னு. நான் அவன்கிட்ட ப்ரஷர்னு சொன்னது கூட கெடையாது. வீட்டுக்காரிகிட்ட போன்ல பொலம்புனதுதான். எப்படிடா தெரியும்னா பல்லக் காட்டுவான். சாமி செஞ்சதுன்னா, என் சம்சாரம் சுந்தரவல்லிக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னுட்டாக. எங்க தேடியும் கெடைக்கல. இங்கன உக்காந்து மச்சினன்கிட்ட போன்ல சொல்லிட்டு, சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதேம்மா. வெக்கத்த விட்டுச் சொல்றேன். பாண்டி முனீஸ்வரனுக்கு கெடா வெட்டுறேன்னு வேண்டிக்கிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறேன், ரெண்டு பேரு வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போயிருக்காக. பேரு கூடச் சொல்லல. முனீஸ்வரனத் தவிர யாருகிட்ட சொன்னேன் நான்? கெடாய வெட்டுனேன். ஆபீஸுக்கே விருந்து. எமல்டா மேடம் மட்டும் வரல.

என்னம்மா? பேசி முடிக்கிறதுக்குள்ள… என்ன? சுவத்துல காத வைக்கணுமா? இந்தச் சுவத்துலயா? வைச்சிருக்கேனே, பதினோரு வருசமா என் இடது காது பக்கம் இந்தச் சுவருதான் இருக்கு. வலது காதா? எதுக்கு? நீங்க படிச்சவுக சொல்றீங்க. எந்திரிச்சு, திரும்பி… இப்படியா? மூலையோட ஒட்டி. சரி.

ம். புறா. ஃபேன் கிறீச்சுங்குது. வேறென்ன கேக்கணும்?

இருங்க.

டம்ளர் வைக்கிற சத்தம். யாரு வச்சா? இங்கன டம்ளரே இல்லையே. யாரோ சிரிக்கிறான். “முதுகப் பாத்தே உதட்டப் படிக்கிறாகளாம்டா”ங்கிறான். அது… அது பாலகுரு குரல். எங்க இருக்கான்? அந்தா, தண்ணி கேன்கிட்ட நிக்கிறான். எழுபத்திரண்டடி தள்ளி. என் காதுக்குள்ள சிரிக்கிறாம்மா.

பேசாதீங்க. அந்தம்மா பேசுது. சீட்டுல உக்காந்துக்கிட்டே பேசுது. “போதும் பாலகுரு. தண்ணி குடிச்சாச்சுல்ல, எல்லாரும் போங்க”ங்குது. போறாக. எல்லாரும் போறாக.

இப்ப… இப்ப என்கிட்ட பேசுது. “கூடலிங்கம் சார், ரெண்டு பேரு இல்ல, மூணு பேரு வந்தாங்க. எங்க பங்குச் சாமியார் பூசைல அறிக்கை வாசிச்சு அனுப்பி வச்சாரு. மூணாவது ஆளுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு திருப்பி விட்டுட்டாங்க. இருளப்பன் இன்னிக்கு லீவு. மணி பன்னெண்டரை ஆகுது. மாத்திரையப் போடுங்க சார்”ங்குது.

…

உக்கார்றேன். கையப் புடிக்க வேணாம், ஒண்ணுமில்ல. தல லேசாச் சுத்துது.

எப்படிம்மா? இந்த மூலைலேர்ந்து வளைவு வழியா ஏறி, கும்மட்டத்துக்குள்ள சுத்தி, அந்த மூலைல போயி எறங்குதா? அங்கிட்டுப் பேசுனாலும் இங்கிட்டு வருமா? எனக்கு மட்டும் வராது, ஏன்னா செவிட்டுக் காத வச்சு உக்காந்திருக்கேன். அந்தத் தொரை தெரிஞ்சே கட்டுனானா, தெரியாமக் கட்டுனானா? தெரியாதா? நூத்தி முப்பது வருசம் கழிச்சு என் குடியக் கெடுக்கணும்னு கட்டியிருக்கான். அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பதினோரு வருசம் டம்ளரும் கையுமா நின்னு என் வீட்டு விசயத்தக் குடிச்சிருக்கானுக. நான் கையெழுத்து வேட்டை நடத்தி, கேனக் கொண்டாந்து வச்சுக் கொடுத்திருக்கேன்.

தங்கப்பாண்டியண்ணன் சொன்னாரும்மா. தெளிவாத்தான் சொல்லியிருக்காரு. பாத்துப் பேசிக்கன்னாரு. பாத்துப் பேசிக்க! நான் போயி ஆளப் பாத்துப் பேசியிருக்கேன். மேசையத் தள்ளிப் போட்டு, சுவத்துக்கு நேரா வாய வச்சு…

அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் கேனத் தூக்கி மாடிப்படிக்குக் கீழ வச்சாக. அதான் மேசைய மாத்துங்கன்னாக. பாலகுருவுக்கெல்லாம் தெரிஞ்சும் ஒருத்தன் சொல்லல, சொல்ல வந்தவுகள நான் சொல்ல விடல. மழைல வராண்டால நின்னு பேசுனாகளே, அது என்னத்துக்குன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. அவுக வீட்டுக்காரர் விசயம், அவுக கஷ்டம், அது எதுவும் என் காதுல விழுந்துறக் கூடாதுன்னு போயிருக்காக. என் காது செவிடுன்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல. எந்தக் காதுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு உங்ககிட்ட சொன்னதோட சரி. அதையும் இப்பக் கேட்டிருப்பாக. காலைலேர்ந்து நான் சொன்னது அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்திருக்காக. கைகாரின்னேனே. மடில கனம்னேனே.

போயி மன்னிப்புக் கேக்கலாம்ங்கிறீங்க. எழுபத்திரண்டடி நடந்து, இத்தனை மேசையத் தாண்டி, பாலகுரு மூஞ்சியத் தாண்டிப் போயி, அவுக முன்னால நின்னு என்னத்தச் சொல்ல? அம்பத்தேழு வயசுல எனக்கு மெதுவாப் பேசத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

நீங்க எழுதுனத அடிச்சிருங்க. கும்மட்டத்த மூட வேணாம். தண்ணி கேன மட்டும் மாடிப்படிக்குக் கீழ மாத்தணும்னு போடுங்க. கேட்டது சூப்பிரண்டுன்னே போடுங்க.

அந்த மாத்திரை டப்பாவ இப்படி நகட்டுங்க. தண்ணி வேணாம், சும்மாவே முழுங்கிருவேன். ம்.

எமல்டா மேடம். நான் கூடலிங்கம். மாத்திரை போட்டாச்சு. நீங்க திரும்ப வேணாம், அப்படியே உக்காந்திருங்க. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. முப்பது வருச சர்வீஸுல அரசாங்கத் தாள் ஒண்ணு கூட நான் கிழிச்சதில்ல மேடம்.

இந்தா, கிழிக்கிறேன். கேக்குதா?